சத்தியம் செய்யாத சாட்சி

செல்லபாய் கடவுள் நம்பிக்கையை விட்டதற்குப் பின்னால் ஒரு சாவோ கொடுமையோ இல்லை. பிற்பாடு ஊருக்கு அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. ஏதோ துக்கம் நடந்து மனம் வெறுத்துப் போனாள் என்றால் நாகர்கோவில்காரர்கள் மன்னித்திருப்பார்கள். அவளோ படித்து, யோசித்து, படிப்படியாக அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

அவளுடைய அப்பா ஞானையன், பூதப்பாண்டிக்குப் போகும் வழியில் ஒரு சிற்றூர்க் கிறிஸ்தவச் சபையின் உபதேசியார். கையில் வேதப்புத்தகமும் குடையுமாக வயல்வரப்புகளில் நடந்தே பிழைத்த மனிதர். தான் படிக்காத படிப்பெல்லாம் ஒரே மகள் படிக்கட்டும் என்று அவளைத் திருவனந்தபுரத்தில் பி.ஏ. வரை படிக்கவைத்தார். அவள் எடுத்தது தத்துவம். தர்க்க வகுப்பில் முதல் முறை உட்கார்ந்தபோது, இத்தனை நாள் மங்கலாகத் தெரிந்த ஓர் அறையில் யாரோ சன்னலைத் திறந்துவிட்டது போல இருந்தது அவளுக்கு. ஒரு முடிவு சரியா தவறா என்று பார்ப்பதற்கு முன்னால், அது எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். அந்தப் பாடத்தை அவள் பரீட்சையோடு விட்டுவிடவில்லை.

மீன்காரியிடம்கூட விடவில்லை. "செவுளு சிவந்திருக்கு பாரும்மா, இன்னைக்குப் பிடிச்ச மீனாக்கும்" என்பாள் மீன்காரி. "இன்னைக்குப் பிடிச்ச மீனுக்குச் செவுளு சிவந்திருக்கும், செரி. சிவந்திருக்கதெல்லாம் இன்னைக்குப் பிடிச்சதாகுமா?" என்று கேட்பாள் இவள். மீன்காரி திட்டிக்கொண்டே அடியிலிருந்து நல்ல மீனை எடுத்துப் போடுவாள்.

ராஜையன் அதே வகுப்பில் படித்தவன். விளவங்கோடு பக்கத்துக்காரன், மெலிந்த உடம்பு, பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். கடவுள் உண்டு என்பதற்குத் தத்துவக்காரர்கள் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வகுப்பு முடிந்த பிறகும் இருவரும் வாதாடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டுமென்றால் கடவுளுக்கு மட்டும் ஏன் வேண்டாம்? இந்த இடத்தில் ராஜையன் குஷியாகிவிடுவான். செல்லபாய்க்குக் குஷி வராது. அப்பாவின் முகம் நினைவுக்கு வரும். ஆனாலும் கேள்வியை விட மாட்டாள். கடைசி வருடத்தில் ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது, தான் எப்போதோ வெளியே வந்துவிட்டதை உணர்ந்தாள். கதவு சாத்தின சத்தம்கூடக் கேட்டிருக்கவில்லை.

தேசம் சுதந்திரம் பெற்ற மறுவருடம் இருவருக்கும் கல்யாணம். சர்ச்சில்தான் நடந்தது. அதற்கு முன்னால் அவள் தயங்கினாள்.

"கடவுளுக்கு முன்பாகன்னு சொல்லணுமே. எப்பிடிச் சொல்ல?"

"நம்ம ரெண்டு பேருக்கும் அது வெறும் சொல்லு," என்றான் ராஜையன். "உனக்க அப்பாவுக்கு அது உயிரு. ஒரு நாளைக்கு அவருக்காகச் சொல்லு. அதுக்குப் பிறகு நமக்குள்ள பொய்யே வேண்டாம். ஊருல என்ன வேஷம் போட்டாலும் வீட்டுக்குள்ள நெசம் மட்டும் பேசுவோம்."

அந்த வாக்கை நம்பித்தான் அவள் பாதிரியார் முன் முழங்கால் போட்டாள்.

வடசேரியில் வீடு எடுத்தார்கள். அவளுக்குச் சபை நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. சட்டம் முடித்த ராஜையன், ஊரில் பெரிய வக்கீலான குமாரதாஸிடம் ஜூனியராகச் சேர்ந்தான். சில வருடங்கள் நன்றாகவே போயின. பள்ளியில் ஒருமுறை தலைமையாசிரியை, ஜெபக்கூட்டத்துக்கு வருகிற பிள்ளைகள்தான் நல்ல மார்க் வாங்குகிறார்கள், ஜெபத்தின் பலனைப் பாருங்கள் என்றார். "நல்லாப் படிக்கிற பிள்ளைகளைத்தானே நாம ஜெபக்கூட்டத்துக்குத் தேர்ந்தெடுத்துக் கூட்டிட்டுப் போறோம்?" என்று செல்லபாய் சாதாரணமாகக் கேட்டாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ராஜையன் கைதட்டினான். இன்னொரு நாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது தான் மனத்துக்குள் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பதை அவனிடம் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறியது. அவள் அவன் தலையைத் தட்டிவிட்டாள். வேறு யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

பக்கத்து வீடு நெல் வியாபாரி பகவதியப்பனுடையது. அங்கே சமையலும் கூட்டித் துடைப்பதுமாக இருந்தவள் முத்துக்கனி, புருஷனை இழந்தவள். ஐம்பத்திரண்டாம் வருடம் ஆவணியில் பகவதியப்பனின் மனைவி தாணம்மாளின் கழுத்துச் சங்கிலி காணாமல் போயிற்று. தேடினார்கள். கிடைக்கவில்லை. மைபோட்டுப் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் வெற்றிலையில் மையைத் தடவி உற்றுப் பார்த்துவிட்டு, வெள்ளைச் சேலை, மூக்கில் மச்சம் என்று சொல்லிப் போய்விட்டார். முத்துக்கனிக்கு மூக்கில் மச்சம் உண்டு.

அன்று பள்ளி விடுமுறை. மதில் தாண்டி வந்த அலறலைக் கேட்டு செல்லபாய் ஓடினாள். பகவதியப்பனின் அடுக்களையில் இரண்டு பேர் முத்துக்கனியின் கையைப் பிடித்திருந்தார்கள். தோசை திருப்புகிற இரும்புச் சட்டுவம், அடுப்பில் காய்ந்தது, பகவதியப்பனின் கையில் இருந்தது, பிடியில் துணி சுற்றியிருந்தது. முத்துக்கனியின் உள்ளங்கை ஏற்கெனவே வெந்துவிட்டிருந்தது. தோல் கருகிய வாடை வந்தது.

"என்ன செய்யுதீங்க நீங்க?"

"டீச்சர் இதுல தலையிடாண்டாம்," என்றார் பகவதியப்பன். "இவ எடுக்கலேன்னா அம்மன் காப்பாத்துவா. கை சுடாது. இப்பம் சுட்டாச்சு. கள்ளி யாருன்னு தெரிஞ்சு போச்சு."

"எடுக்காதவங்களைச் சுடாதா?"

"சுடாது."

"நீங்க எடுக்கலதானே?"

அவர் திகைத்தார். "எனக்க பெஞ்சாதிக்க சங்கிலிய நான் எதுக்கு எடுக்கேன்?"

"அப்போ துணிய அவுத்திட்டு அந்தச் சட்டுவத்தப் பிடிங்க. உங்களச் சுடாதுல்லா?"

பகவதியப்பன் சட்டுவத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். பிடித்திருந்தவர்களின் கை தானாகத் தளர்ந்தது. செல்லபாய் முத்துக்கனியை அணைத்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். போகும்போது தாணம்மாளிடம், "சங்கிலிக்க கொக்கி இளகிக் கிடந்துதுன்னு போன மாசம் சொன்னீங்களே. கிணத்துக்குள்ள தேடினீங்களா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கு. வழக்குப் பதிவாயிற்று. முத்துக்கனி சொல்வதற்குத் துணையாகப் பேச ஒரே சாட்சி செல்லபாய்தான். மற்றவர்கள் எல்லாம் பகவதியப்பனின் ஆட்கள். பகவதியப்பன் நேராகக் குமாரதாஸிடம் போய் வக்காலத்துக் கொடுத்தார்.

ராஜையன் சங்கடப்பட்டான். "நான் அந்தக் கேஸ் கட்டைத் தொட மாட்டேன்னு சாரிடம் சொல்லிட்டேன்," என்றான். "நீ கண்டதச் சொல்லு. யாரும் தடுக்கல." அவள் அவனை அன்றைக்குப் பெருமையோடு பார்த்தாள்.

விசாரணை அடுத்த வருடம்தான் வந்தது. கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சத்தியம் செய்வது பற்றிப் பேச்சு வந்தது. கூண்டில் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ய மாட்டேன், உறுதிமொழி மட்டும் சொல்லப்போகிறேன், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதே என்றாள் செல்லபாய்.

"எதுக்கு வம்பு? வெறும் சொல்லுதானே? ரெண்டு நொடியில முடிஞ்சிரும்."

"கோர்ட்டுல நான் பேசுக முதல் வார்த்தையே பொய்யானா, அதுக்கப்புறம் சொல்லுகது எல்லாம் எதுக்க மேல நிக்கும்? ஒருக்கா அப்பாவுக்காகச் சொன்னேன். அது இன்னும் உறுத்துது."

ராஜையன் அவளைப் பார்த்தான். "செரி, உனக்க இஷ்டம்," என்றான்.

கோர்ட்டு அன்று நிரம்பி வழிந்தது. டீச்சர் பைபிளைத் தொட மாட்டாளாம் என்ற செய்தி எப்படியோ முன்னாலேயே பரவியிருந்தது. மாஜிஸ்ட்ரேட் சற்று யோசித்து, உறுதிமொழிக்கு அனுமதி கொடுத்தார். செல்லபாய் கண்டதைச் சொன்னாள். சட்டுவம், துணி, பிடித்திருந்த ஆட்கள், பகவதியப்பன் சொன்ன வார்த்தைகள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு குமாரதாஸ் எழுந்தார். பருத்த மனிதர், குரல் மட்டும் பஞ்சு போல இருக்கும்.

"டீச்சர், நீங்க கடவுள் உண்டுன்னு நம்புகீங்களா?"

"இல்ல."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது.

"ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறீங்க."

"போறேன். வேலை அப்பிடி."

"அங்க எல்லாரும் கண்ண மூடி ஜெபிக்கும்போ நீங்களும் கண்ண மூடுவீங்க."

"ஆமா."

"மூடிட்டு, மனசுக்குள்ள பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லுவீங்களாமே. செரியா?"

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்ட்ரேட்டின் உதடும் கொஞ்சம் அசைந்தது. செல்லபாய்க்குச் சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது போலிருந்தது. அவள் வக்கீல்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்தாள். குமாரதாஸுக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக ராஜையன் இருந்தான். குனிந்து, பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பதில் சொல்லணும் டீச்சர்."

"செரிதான்."

"உங்க கல்யாணத்துல கடவுளுக்கு முன்பாகன்னு சொல்லி வாக்குக் கொடுத்தீங்க. அன்னைக்குக் கடவுள நம்பினீங்களா?"

அன்றைக்கு நம்பினேன், பிற்பாடு மாறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க முடியாது. மறுக்கக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெஞ்சில் இருந்தான், அவனாலும் கூண்டேறிச் சொல்ல முடியாது. அவளுக்கு அது தெரிந்தது. கூட்டத்தின் கடைசியில் தன் அப்பா குடையை ஊன்றிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. மகள் சாட்சி சொல்வதைப் பார்க்க ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

"நம்பல," என்றாள்.

"அப்போ பெத்தவங்களையும் சபையையும் சாட்சியாட்டு வச்சு, அன்னைக்குப் பொய் சொன்னீங்க."

"அவரோட வாழுவேன்னு சொன்னது பொய்யில்ல. கடவுள் பேரச் சொன்னது பொய்."

"கடவுள் பேருல பொய் சொல்லக் கூசாதவங்க, எங்க கட்சிக்காரர் பேருல சொல்லக் கூசுவாங்களா?"

"நான் எப்பிடிப்பட்டவளோ இருந்துட்டுப் போறேன்." அவள் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "நான் கெட்டவளானா அந்தப் பொம்பளைக்க கை வேகாம இருந்திருமா? கை அங்க இருக்கு. அதப் பாருங்க. எனக்க மனசுக்குள்ள எதுக்குப் பாக்குதீங்க?"

"சாட்சி பாடம் நடத்த வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் குமாரதாஸ் உட்கார்ந்தார்.

அடுப்பருகே தானே தவறி விழுந்து கையை ஊன்றியிருக்கலாம் என்ற வாதத்தைத் தள்ள முடியாது, ஒரே சாட்சியின் சொல் நம்பத்தக்கதாக இல்லை என்று தீர்ப்பாயிற்று. பகவதியப்பன் விடுதலை ஆனார்.

சாட்சி சொன்ன அன்று மாலை, வெயில் இறங்கும் முன்பே ராஜையன் வீட்டுக்கு வந்துவிட்டான். செல்லபாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாய்ப்பாட்டு விஷயத்த அவருகிட்ட எப்போ சொன்னீங்க?"

"நான் சொன்னேன்னு எப்பிடி நீ..."

"அது தெரிஞ்சது நமக்கு ரெண்டு பேருக்குத்தான். நான் சொல்லல."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். திரும்பாமலே பேசினான். "கேஸு ஜெயிச்சாலும் முத்துக்கனிக்க கை நேராகப் போறதில்ல. சார் அடுத்த வருஷம் என்னய சர்க்கார் வக்கீலுக்குச் சிபாரிசு செய்யுகேன்னிருக்காரு. யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லேன்னு நெனச்சேன். கேட்டாரு, சொன்னேன். பைபிளத் தொடுன்னு நான்தான் சொன்னேனே? தொட்டிருந்தா அவரு இதக் கேட்டிருக்கவே மாட்டாரு."

"தொட்டிருந்தா இன்னும் நல்லாட்டு கேட்டிருப்பாரு. நம்பாதவ எப்பிடிப் பைபிளத் தொட்டான்னு கேட்டிருப்பாரு. ரெண்டு பக்கமும் வழிய அடச்சுட்டுத்தான் என்னய அனுப்பினீங்க."

வகுப்பில் எத்தனையோ தடவை வாதத்தில் அவனை மடக்கியிருக்கிறாள். மடங்கியதும் சிரிப்பான், அவளும் சிரிப்பாள். இப்போது அவன் முகத்தில் ஒரு கோபம்தான் வந்தது, மாட்டிக்கொண்டவனின் கோபம்.

"எல்லாத்தயும் தர்க்கமாட்டே பாத்தா குடும்பம் நடத்த முடியாது செல்லா."

"நான் உன்ன நம்பினது தர்க்கம் இல்ல ராஜையா," என்றாள் அவள். கல்லூரியில் கூப்பிட்டது போலப் பெயர் சொல்லி அவனைக் கூப்பிட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. "அத நான் தர்க்கமாட்டு பாத்திருக்கணும்."

அப்போதே துணிமணிகளை எடுத்துக்கொண்டு அப்பாவின் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

பள்ளி நிர்வாகம் கூப்பிட்டு அனுப்பியது. விசுவாசத்தை அறிக்கையிட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலையில் தொடரலாம் என்றார்கள். தலைமையாசிரியைக்கு உண்மையிலேயே வருத்தம். "போட்டிரு மக்கா, யாரு உனக்க உள்ள புகுந்து பாக்கப் போறாங்க?" என்றார். உள்ளே புகுந்து பார்த்தாயிற்று என்று செல்லபாய் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த கோடையில் பகவதியப்பன் வீட்டுக் கிணற்றைத் தூர் வாரியபோது சேற்றோடு சங்கிலி வந்தது. கேள்விப்பட்டதும் செல்லபாய் முத்துக்கனியைத் தேடிப் போனாள். அவள் வேறு பிழைப்பு இல்லாமல் பழைய வீட்டிலேயே மறுபடியும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இடது கையால் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவள், வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சங்கிலி கிடச்சுதாமே. நீ எடுக்கலேன்னு இப்பம் எல்லாருக்கும் தெரிஞ்சுதா?"

"மைபோட்ட ஆளுக்க சக்திதான் அத வெளிய கொண்டு வந்துதுன்னு பேசிக்கிடுதாவ," என்றாள் முத்துக்கனி. பிறகு, பெருக்குமாற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சரே, ஒண்ணு சொல்லுகேன், கோவப்படக் கூடாது. அன்னைக்கு நீங்க சாமி உண்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேஸு ஜெயிச்சிருக்கும். உங்களுக்கு உங்க பிடிவாதம் பெரிசாப் போச்சு. எனக்குக் கைதானே போச்சு."

செல்லபாய் அங்கேயே நின்றாள். முத்துக்கனி சொன்னது முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை, சரி என்றும் ஒப்ப முடியவில்லை. உள்ளேயிருந்து தாணம்மாள் கூப்பிட்டாள். முத்துக்கனி போய்விட்டாள்.

அப்பா வீட்டில் நிலைமை வேறு. ஞானையன் மகளை ஏசவில்லை. கோர்ட்டிலிருந்து திரும்பியது முதல் அவளிடம் அதிகம் பேசவே இல்லை. சபையில் சிலர் அவரை விலக்க வேண்டும் என்றார்கள். அவரே உபதேசியார் வேலையை விட்டு விலகிக்கொண்டார். ஒருநாள் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவிய செம்போடு வாசலில் நின்றார்.

"நீ நம்பலேங்கது எனக்குப் பெரிசில்ல மக்கா. அப்போஸ்தலன் பவுலும் ஒரு காலத்துல நம்பாதவருதான். ஆனா நீ எனக்கு முன்னால முழங்கால் போட்டியே. நான் அழுதேனே அன்னைக்கு, சந்தோசத்துல. நீ அதப் பாத்துட்டுத்தானே இருந்த?"

"பாத்தேன் அப்பா."

"அத நினைக்கும்போதான் தாங்கல."

ராஜையன் தனக்குச் செய்ததைத் தான் அப்பாவுக்கு முன்பே செய்துவிட்டதாக அவளுக்குப் பட்டது. இரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டக் காரணங்கள் இருந்தன. நல்ல காரணங்கள்தான். அவற்றை அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பூதப்பாண்டியில் ஒருவர் தனிப்பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். டீச்சரின் நம்பிக்கை பற்றி அவர் கேட்கவில்லை, கணக்கு வருமா என்று மட்டும் கேட்டார். அவள் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தாள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். ஆனால் முன்போல வகுப்பில் நின்று, இது ஏன், அது எப்படி என்று பேச்சை வளர்ப்பதில்லை. பாடம் முடிந்ததும் பஸ்ஸுக்கு வந்துவிடுவாள். தன் மனத்தில் ஓடுவதை ஒருவரிடமும் சொல்லாமல் நாட்கள் போயின. பேச ஆள் இல்லாததைவிட, பேசலாம் என்று தோன்றாததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஐம்பத்தாறு நவம்பரில் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. ஊரெல்லாம் வெடியும் தோரணமும். அந்த வாரத்தில் ராஜையன் வந்தான். சர்க்கார் வக்கீலாகிவிட்டிருந்தான். உடம்பு பூசியிருந்தது, தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. ஞானையன் அவனை வரவேற்று உட்காரவைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"தனியா இருக்க வீடு வீடா இல்ல," என்றான். "போனது போகட்டும். நான் செய்தது தப்பு. அத ஒத்துக்கிடத்தான் வந்தேன்."

அவள் அவனைப் பார்த்தாள். பொய் சொல்கிறான் என்று தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு, உனக்க இஷ்டம் என்று சொன்னபோதும் இதே முகம்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசமும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இனி அப்பிடி நடக்காது செல்லா. சத்தியமாட்டு."

"எதுக்க மேல?" என்று கேட்டாள். ஏளனமாகக் கேட்கவில்லை. ஒரு பதில் இருந்தால் கேட்கலாம் என்றுதான் கேட்டாள்.

அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்றான். வந்தான். அதற்கடுத்த மாதமும் வந்தான். பிறகு வருவது நின்றுபோயிற்று. கிறிஸ்துமஸுக்கு மட்டும் அப்பாவுக்கு ஒரு வேட்டி கொடுத்தனுப்புவான். ஞானையன் அதை உடுத்துக்கொள்வார்.

இரண்டு வருடம் கழித்து ஞானையனுக்குக் கண்ணில் படலம் விழுந்தது. வேதப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு மாலை செல்லபாய் அதை அவர் கையிலிருந்து எடுத்து, எந்த இடம் என்று கேட்டாள். அவர் தயங்கிவிட்டுச் சொன்னார். அவள் நிறுத்தி, தெளிவாக, சொல் பிசகாமல் வாசித்தாள். முடிந்ததும் அவர் ஆமென் என்றார். அவள் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி அவரும் கேட்கவில்லை. "அடுத்த அதிகாரம் வாசி மக்கா," என்றார்.